ஈப்போ பேசும் நேரம்

கல்லறைத் திருநாள் முடிந்த மறுவாரம், ஈரம் காயாத கொல்லையில் கடலை பறித்துக்கொண்டிருக்கும்போதுதான் அடைக்கலசாமி அதைச் சொன்னார். குனிந்த தலை நிமிராமல், செடியின் வேரில் அப்பியிருந்த மண்ணை உதறிக்கொண்டே சொன்னார்.

“அடுத்த வருசம் கோயில்ல செத்தவங்க பேரு வாசிக்கிறப்ப நம்ம செல்வநாதன் பேரையும் வாசிக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன் புஷ்பம்.”

மரிய புஷ்பம் கையிலிருந்த கொத்தைக் குவியலில் போட்டாள்.

“செத்தாத்தான மாமா வாசிப்பாங்க.”

“உசுரோட இருந்தா ஒரு கடுதாசி போட மாட்டானா? சண்ட முடிஞ்சு எம்மாங் காலமாச்சு. மலேயாவுக்குப் போனவன் முக்கால்வாசிப் பேரு திரும்பி வந்துட்டான்.”

“திரும்பாதவங்க எல்லாம் செத்துட்டாங்கன்னு யாரு பாத்தா?”

“ஒன்னோட பேசி முடியாது. அவன் ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வேகுதோ என்னமோ. வேண்டிக்கக்கூட ஆளில்லாம கெடக்குது.”

“வேகல. அவுங்க இருக்காங்க.”

அடைக்கலசாமி அடுத்த செடியைப் பிடித்து இழுத்தார். மழை பெய்து மண் இளகியிருந்ததால் செடி காயோடு வந்தது. மாமனாரும் மருமகளும் இதே பேச்சை மாதத்துக்கு ஒரு தடவையாவது பேசிவிடுவார்கள். அவர் செத்துவிட்டான் என்பார், அவள் இல்லை என்பாள். பிறகு அவள் கூழ் கரைத்துக் கொடுப்பாள், அவர் வாங்கிக் குடிப்பார். ஆனால் பெயரை வாசிப்பது என்று நாள் குறித்துப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஏலாக்குறிச்சிக் கோயிலில் தாலி கட்டிய சில மாதங்களிலேயே செல்வநாதன் மலேயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின மாதம் போட்ட கடிதம்தான் கடைசி. சண்டை முடிந்த பிறகு புஷ்பம் எழுதாத இடமில்லை. தோட்டத்துக்கு எழுதியது, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. சர்க்காருக்கு எழுதியதற்குப் பதிலே இல்லை. மாமியார் மகனைக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருந்தது இரண்டு பேர். புஷ்பம் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டால் கொல்லை, கொல்லை விட்டால் அடுப்படி. அதற்கு மேல் அவளுக்கு இருந்தது பாத்திமா மேரி வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். பாத்திமா மேரியின் புருசன் லூர்துராஜ் பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்தவன். பர்மாவில் பக்கத்திலேயே குண்டு விழுந்து இரண்டு காதும் போயின. ஊருக்கு வந்து ஒரு வருஷம் யாரிடமும் பேசாமல் கிடந்தான். ஒருநாள் கொள்ளிடத்தில் தண்ணீர் கரைபுரண்டு போகும்போது இறங்கி நடந்தான். பரிசல்காரர்கள் இழுத்துப் போட்டார்கள். அதற்கப்புறம் பாத்திமா மேரிதான், “நீங்க அந்தத் தந்திப் பெட்டியக் கட்டுங்க. நான் ஒங்களுக்குக் காதா இருக்கேன்” என்று அவன் முகத்துக்கு நேரே வாயசைத்துச் சொன்னாள். பட்டாளத்தில் கழித்துப்போட்ட சாமான்களைத் திருச்சியில் வாங்கி வந்து அவன் கட்டினான். ஆனால் அனுப்பிப் பேசுவதற்கு லைசென்ஸ் வேண்டும், அதற்குப் பரீட்சை எழுத வேண்டும். கான்வென்டில் எட்டாவதோடு நின்ற பாத்திமா மேரிக்கு இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்தாலே கை வியர்த்தது. அவளை உட்கார வைத்துப் பாடம் சொல்லி, திருச்சிக்குக் கூடவே போய், பரீட்சை நடந்த கட்டடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது புஷ்பம்தான். பாத்திமா மேரி பாஸாகிவிட்டாள்.

இப்போது அந்த வீட்டுப் பனைமரத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவே கம்பி ஓடியது. அரியலூர் அரிசி மில்லில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் உட்கார்ந்து வரும். சாயங்காலத்தில் பாத்திமா மேரி காதுக்குழாயை மாட்டிக்கொண்டு தந்தி அடிக்கும் கட்டையைத் தட்டுவாள். கேட்டதை எழுதிக் காட்ட, லூர்துராஜ் படித்துவிட்டுச் சிரிப்பான். கொழும்பு பேசும், ரங்கூன் பேசும். கடலை பறித்த அந்த வாரத்தில்தான் ஈப்போ பேசியது.

ஈப்போவில் ஒரு வெள்ளைக்கார டாக்டர். தோட்டந்தோட்டமாகப் போய் வைத்தியம் பார்ப்பவர், ஒழிந்த நேரத்தில் இந்தப் பெட்டியில் உட்கார்பவர். பாத்திமா மேரி எழுதியதைப் பார்த்ததும் புஷ்பம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கேளு மேரி. அவுங்க பேரச் சொல்லு, தோட்டத்துப் பேரச் சொல்லு. தோட்டத்துக்கெல்லாம் போறவராமே.”

பாத்திமா மேரி புருசனைப் பார்த்தாள். அவன் புஷ்பத்தின் உதடுகளைப் படித்துப் புரிந்துகொண்டு, காது கேளாதவர்கள் பேசுவது போல உரக்கச் சொன்னான்.

“அது முடியாது புஷ்பம். தன் வூட்டு விசயம் ரெண்டு வார்த்த கேட்டுக்கலாம். அடுத்த வூட்டுச் செய்தியச் சொல்லக் கூடாது, வாங்கக் கூடாது. அது தந்தி ஆபீஸ் வேல. சட்டம். ஒட்டுக் கேக்க ஆள் போட்டிருக்கான் சர்க்காரு. பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவான்.”

“ஒரே ஒரு பேருண்ணே.”

“ஒரு பேருன்னாலும் அதுதான்.”

புஷ்பம் சாணம் மெழுகிய தரையில் மண்டியிட்டுவிட்டாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் மண்டியிடுகிற மாதிரி அந்தப் பெட்டிக்கு முன்னால். காதுக்குழாயிலிருந்து பூச்சி கத்துவது போலச் சன்னமாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் புருசன் நடந்த மண்ணிலிருந்து ஒரு மனுசன் பேசிக்கொண்டிருக்கிறான்.

“மேரி, ஒன் காலப் புடிச்சிக்கிறேன்.”

பாத்திமா மேரி லூர்துராஜின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெட்டி போனால் அவன் மறுபடி எங்கே இறங்கி நடப்பான் என்பது அவளுக்குத் தெரியும். கையை நீட்டிப் பெட்டியை அணைத்தாள். சத்தம் நின்றது.

புஷ்பம் எழுந்து வெளியே போனாள். அந்த டாக்டர் பெயருக்கு அவளே ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். மலேயாவில் அப்போது கலகம், தோட்டங்களில் துப்பாக்கிச் சூடு என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. மார்கழி பிறக்கும்வரை அவள் பாத்திமா மேரி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பாத்திமா மேரிதான் வந்தாள். கடலைக் கொடியைக் களத்தில் போட்டு ஐந்தாறு பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வந்தவள் கேட்காமலேயே புஷ்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுக் கொடியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நீயே எழுதுக்கா.”

“என்னத்த?”

“பரீட்ச. ஒனக்குன்னு லைசென்ஸ் இருந்தா ஒன் வூட்டு ஆள நீ கேக்கலாம்ல. எங்க பெட்டியிலயே உக்காந்து கேக்கலாம், எங்க வூட்டுக்காரவுங்களே சொல்லிட்டாங்க. எனக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்தவ நீ. இங்கிலீஷு ஒனக்குத் தண்ணிபட்ட பாடு. தந்தி எழுத்து மட்டுந்தான் பாக்கி.”

“எனக்கு இனி எது ஏறும் மேரி? ராத்திரியில கண்ண மூடுனா அவுங்க மூஞ்சிகூடச் சரியா வர மாட்டேங்குது.”

“மூஞ்சி வர வேணாம். சத்தம் வந்தாப் போதும். இந்தா, டிட் டா. இது ஏ. சொல்லு.”

புஷ்பம் சொல்லவில்லை. காயை ஆய்ந்து கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். பாத்திமா மேரியும் விடவில்லை. டிட் டா, டிட் டா என்று வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த வீரம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்னா பாத்திமா, கோழிக்குஞ்சக் கூப்புடுறாப்ல கூப்புடுற?”

“எங்க அக்காளக் கூப்புடுறேன். வர மாட்டேங்குறா.”

கூடை நிறைந்தபோது புஷ்பம் மெல்ல, “டிட் டா” என்றாள்.

அதிலிருந்து கொல்லையிலும் களத்திலும் வாய்க்கால் கரையிலும் இரண்டு பேருக்கும் இதே பேச்சாகிவிட்டது. சோளம் புடைக்கும்போது ஒருத்தி டா டிட் டிட் என்றால் மற்றவள் எழுத்தைச் சொல்வாள். துணி துவைக்கும்போது கல்லில் தட்டிக் காட்டுவார்கள். அடைக்கலசாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“செத்தவன எந்தப் பொட்டியில தேடப் போறா இவ” என்று மாட்டிடம் சொல்வது போலச் சொன்னார்.

“சாவல மாமா” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

“செத்துட்டான்.”

“இல்ல.”

பங்குனியில் பரீட்சை. கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் அரியலூர் போய், அங்கிருந்து ரயிலில் திருச்சி போனார்கள். இந்தத் தடவை வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவள் பாத்திமா மேரி. கேள்வித்தாளைப் புஷ்பம் சுலபமாக எழுதிவிட்டாள். தந்தியைக் கேட்டு எழுதும்போது நடுவில் ஓர் எழுத்து தவறிவிட்டது. அது என்னவாக இருக்கும் என்று யோசித்தாள். யோசித்த நேரத்தில் பின்னால் வந்ததெல்லாம் ஓடிப்போயிற்று. பென்சில் நின்றது நின்றதுதான். அதிகாரி நல்ல மனுசர். ஆவணியில் மறுபடி வாருங்கள் என்று தணிவாகச் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வெயில் தாழ்ந்து, சுண்ணாம்புப் புழுதி காற்றில் மிதந்தது. புஷ்பம் பிளாட்பாரத்து ஓரத்தில் போய் நின்றாள். தெற்கேயிருந்து ஒரு கூட்ஸ் வண்டி வரும் சத்தம் கேட்டது. அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவை முந்தானை காற்றில் பறப்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பாத்திமா மேரி ஓடி வரவில்லை. மெதுவாக வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு பயமா இருக்குக்கா. அவுங்க ஆத்துல எறங்குனப்ப இப்படித்தான் நின்னாங்களாம். கொஞ்சம் பின்னால வா.”

வண்டி கடந்து போகும்வரை பிடியை விடவில்லை. அப்புறம் புஷ்பம் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

“ஒரு எழுத்து மேரி. ஒரே ஒரு எழுத்து போச்சு.”

“போன எழுத்த விட்டுடணும்க்கா. அதத் திரும்பிப் பாத்தா வர்றதும் போயிடும்.”

“விடத் தெரிஞ்சா நான் ஏன் இப்படிக் கெடக்குறேன்?”

பாத்திமா மேரி தூக்குவாளியைத் திறந்து, காலையில் கட்டிவந்த புளிச்சோற்றை உருட்டி அவள் கையில் வைத்தாள். “சாப்புடு. ஆவணிக்கு இன்னும் காலம் கெடக்கு. நான் தட்டுறேன், நீ கேளு. நான் வேணும்னே நடுவுல எழுத்த முழுங்குவேன். நீ தாண்டிப் போவணும். தாண்டத் தெரிஞ்சா பாஸு.”

அப்படியேதான் செய்தார்கள். கோடையில் கிணறு அடியோடு வற்றிப்போய், கொள்ளிடத்து மணலில் ஊற்று தோண்டி, தண்ணீர் சுரப்பதற்காகக் குடத்தோடு காத்துக்கிடந்த நேரமெல்லாம் பாத்திமா மேரி தட்டினாள், புஷ்பம் தாண்டினாள். பாத்திமா மேரிக்குச் சளைத்துப்போன நாட்களும் உண்டு. லூர்துராஜ் இரண்டு நாள் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. அப்போது புஷ்பம்தான், “எந்திரி மேரி, நீ ஒக்காந்தா யாரு தட்டுறது” என்று அவளைக் கிளப்பிக்கொண்டு போவாள். ஆவணிப் பரீட்சையில் மூன்று எழுத்துகள் தவறின. மூன்றையும் விட்டுவிட்டுப் போனாள். பாஸாகிவிட்டாள்.

லைசென்ஸ் கைக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மறுநாளே பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சில நாட்கள் ஈப்போ கிடைக்கவில்லை. இடியும் இரைச்சலுமாகவே இருந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் கிடைத்தது. அவள் நிதானமாகத் தட்டினாள். என் புருசன், இன்ன பெயர், இன்ன தோட்டத்தில் கிராணி, சண்டைக்குப் பிறகு தகவல் இல்லை. டாக்டர், கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை, அந்தத் தோட்டத்துக்கு நான் போவதுண்டு, விசாரிக்கிறேன், அடுத்த வாரம் இதே நேரம் என்று அனுப்பினார்.

அந்த வாரம் முழுக்கப் புஷ்பம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் நின்றுவிடுவாள். அடைக்கலசாமி பார்த்துக்கொண்டே இருந்தார். கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. கல்லறைகளில் புல் செதுக்கி வெள்ளையடிக்கத் தொடங்கியிருந்தார்கள். பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் ஈப்போ பேசியது. காதுக்குழாயின் ஒரு பக்கத்தைப் புஷ்பம் வைத்துக்கொண்டாள். மறு பக்கத்தைப் பாத்திமா மேரி காதோடு அழுத்தியிருந்தாள். லூர்துராஜ் பின்னால் நின்று பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவளுக்காக ரொம்ப மெதுவாகத் தட்டினார்.

உன் புருசன் என்ற சொல் வந்தது. எழுதினாள். அடுத்ததாக டா டிட் டிட். டி என்று எழுதினாள். டிட் டிட். ஐ. அப்புறம் ஒற்றை டிட். ஈ. பாத்திமா மேரியின் கை வந்து காதுக்குழாயைப் பிடுங்கப் பார்த்தது. புஷ்பம் இடது கையால் அந்தக் கையை விலக்கினாள். மறுபடியும் டா டிட் டிட். கடைசி டி. நான்கு எழுத்தும் காகிதத்தில் நின்றன. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வந்துகொண்டிருந்ததை எழுதிக்கொண்டே போனாள். ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான். காலரா. கூட இருந்த, மருந்து கட்டும் தமிழ் டிரெசர் ஒருவர் இன்னும் தோட்டத்தில் இருக்கிறார். அவர் கையாலேயே புதைத்தாராம். வருந்துகிறேன்.

எழுத்து ஒன்றுகூடத் தவறவில்லை.

கிடைத்தது என்று பதில் தட்ட வேண்டும். தட்டினாள். நன்றி என்றும் தட்டினாள். காதுக்குழாயைக் கழற்றிப் பலகைமேல் வைத்தாள். லூர்துராஜ் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பாத்திமா மேரி அவள் தோளைக் கட்டிக்கொண்டு, “நாந்தான ஒன்ன எழுதச் சொன்னேன். பாவி, நாந்தான சொன்னேன்” என்று அரற்றினாள்.

“நீ சொல்லாட்டி நான் சாவுற வரைக்கும் வாசலப் பாத்துட்டு இருந்திருப்பேன் மேரி” என்றாள் புஷ்பம். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடைக்கலசாமி மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். அவள் ஈரப் படியில் நின்றாள்.

“மாமா. அவுங்க பேரக் குடுத்துடுங்க.”

அவர் கலக்குவதை நிறுத்தவில்லை.

“எந்தப் பேர?”

“சயாம்ல காலரா வந்து போயிட்டாங்களாம். பொதச்ச ஆளு சொல்லியிருக்காரு.”

அடைக்கலசாமியின் கை தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை, வழி தவறி வேற்றூரில் வந்து நிற்பவர் பார்வை மாதிரி இருந்தது.

“அந்தப் பொட்டிக்கு என்னா தெரியும்? தப்பாக் கேட்டிருப்ப.”

“சரியாத்தான் கேட்டேன் மாமா.”

“செல்வநாதன்னு ஊருல ஒருத்தன்தானா? வேற எவனாவது இருப்பான்.”

“அவுங்கதான்.”

“நீ சொல்லாத.” அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையிலிருந்த தவிட்டுத் தண்ணீர் வேட்டியெல்லாம் வழிந்தது. “நீ சொல்லாத புஷ்பம். நான் செத்துட்டான் செத்துட்டான்னு சொல்லுவேன். நீ இல்லன்னுவ. நீ இல்லன்னு சொல்றதக் கேக்கத்தான சொன்னேன். அதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்ப நீயே சொன்னா நான் யாருகிட்டம்மா போயிக் கேப்பேன்?”

அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் புஷ்பத்துக்கு வந்தது. அவர் காலடியிலேயே ஈரத்தில் உட்கார்ந்தாள். மாடு தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்து அவர் அவள் தலையில் கை வைத்தார்.

“அடுத்த தடவ பேசுறப்ப இன்னொரு வாட்டி கேளும்மா. அந்தாளு மாத்திச் சொல்லியிருப்பான்.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கேக்குறேன் மாமா.”

“கேப்பியா?”

“கேக்குறேன். எந்திரிங்க, ஈரத்துல உக்காராதீங்க.”

கம்பங்கூழைக் கரைத்து, சுட்ட கருவாட்டை வைத்துக் கொடுத்தாள். அவர் குழந்தை மாதிரி குடித்தார்.

விடிந்ததும் அவள் மட்டும் கோயிலுக்குப் போனாள். பங்குச் சாமியார் பூசை முடித்து அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“ஒன் மாமனார் ரெண்டு வருசமா இந்தப் பேரச் சொல்லிட்டே இருந்தாரும்மா. எழுதிக் குடுங்கன்னா, பொறவு தரேன் பொறவு தரேன்னு போயிடுவாரு. இப்ப அவருக்குச் சம்மதந்தானா?”

புஷ்பம் தலை குனிந்துகொண்டாள்.

“அவருக்குத் தெரிய வேணாம் சாமி. கல்லறைத் திருநாளுக்கு அவரு விடிஞ்சு நடக்குற பூசைக்குத்தான் வருவாரு. கருக்கல்ல நடக்குற மொதப் பூசையில வாசிச்சுடுங்க. நான் வந்து கேட்டுக்கிறேன்.”